தொட்டிக்கும் ஒரு கலங்கல் வேண்டும்

புரட்டாசி பாதி தாண்டிவிட்டது. இன்னும் மூன்று வாரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். குடையைத் தேடி எடுப்பது, டார்ச்சுக்குப் புது பேட்டரி போடுவது, மோட்டார் பம்புக்கு மூடி இருக்கிறதா என்று பார்ப்பது என்று நம் தாம்பரம்வாசிகளுக்கு இந்தச் சமயத்தில் ஒரு வேலைப் பட்டியல் உண்டு. அதில் பால்கனிச் செடிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

குளிர்காலத்தில் தொட்டிச் செடிகளைக் காப்பது எப்படி என்று யூடியூபில் தேடினால், சாக்குப்பை சுற்றுகிறார்கள், வைக்கோல் பரப்புகிறார்கள், தொட்டியைக் கம்பளியால் போர்த்துகிறார்கள். அதெல்லாம் பனி உறையும் ஊர்களுக்கு. நமக்கு ஜனவரி விடியற்காலையில் வெப்பநிலை 20 டிகிரி பக்கம் இறங்கினாலே மஃப்ளரும் குல்லாயுமாக நடக்கக் கிளம்பிவிடுவோம். செடிகளுக்கு அந்தக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. நம் ஊரில் அவற்றுக்கு வரும் ஆபத்து இரண்டுதான்: தேங்கும் தண்ணீர், புயல் காற்று.

என் மகள் கனடாவில் டொரன்டோ பக்கத்தில் இருக்கிறாள். அங்கே போன நம்மவர்கள் பலரையும் போல அவளும் ஒரு கருவேப்பிலைச் செடி வைத்திருக்கிறாள். செப்டம்பர் கடைசியில் அதை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனால் மே மாதம்தான் வெளியே வரும். உள்ளே ஹீட்டர் காற்றில் இலையெல்லாம் பழுத்துக் கொட்டிவிடும். குச்சி மட்டும் நிற்கும். "செத்துப்போச்சாப்பா?" என்று முதல் வருடம் அழாத குறையாகக் கேட்டாள். நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே பச்சை இருந்தது. தண்ணீரைக் குறைத்துவிட்டுப் பொறுமையாக இரு என்றேன். மே மாத வெயிலில் துளிர்த்துவிட்டது.

அவள் சொல்லித்தான் ஒரு விஷயம் எனக்குப் புரிந்தது. அங்கே தரையில் நட்ட செடி தாங்கும் குளிரைத் தொட்டியில் இருக்கும் அதே செடி தாங்காதாம். தரையில் வேரைச் சுற்றி பூமி இருக்கிறது, அதன் சூடு காக்கிறது. தொட்டியில் நாலு பக்கமும் குளிர் அடிக்கிறது. மண்ணில் இருக்கிற ஈரம் உறைந்து விரியும்போது மண் தொட்டியே விரிசல் விட்டுவிடும்.

நம் ஊருக்கும் கணக்கு இதுதான், குளிருக்குப் பதில் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் பெய்கிற மழை கீழே இறங்கிக்கொண்டே போகும். தொட்டியில் பெய்கிற மழைக்கு அடியில் இருக்கிற ஒன்றிரண்டு துளைகள்தான் வழி. அவை அடைபட்டால் செடி ஒரு வாளித் தண்ணீரில் நிற்கிற மாதிரிதான்.

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சென்னைக்கு வருடத்துக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்தில் கொட்டிவிடும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நம் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். இந்தப் பக்கத்தில் யாரும் அந்த நாளை மறந்திருக்க மாட்டோம். வாய் அகலம் ஒரு அடி உள்ள தொட்டி மொட்டைமாடியில் இருந்திருந்தால், அதற்குள் மட்டும் அன்று விழுந்தது ஏறத்தாழ 35 லிட்டர். அதாவது பெரிய பக்கெட்டில் மூன்று. அதே தொட்டிக்கு நாம் ஒரு நாளைக்கு ஊற்றுவது ஒரு செம்பு, மிஞ்சிப்போனால் இரண்டு செம்பு.

அப்போது நாங்கள் முடிச்சூர் பக்கத்தில் தனி வீட்டில் இருந்தோம். அடையாற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்து, வீட்டுக்குள் வந்து, மூன்று நாள் நின்றது. தோட்டத்தில் தரையில் இருந்த கனகாம்பரம், ரோஜா, பப்பாளி எல்லாம் அழுகிவிட்டன. நாங்கள் மாடிக்குப் போய் இருந்தோம். மொட்டைமாடியில் என் மனைவி வைத்திருந்த தொட்டிகள் பதினொன்று. தண்ணீர் வடிந்த பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எட்டு பிழைத்திருந்தன. மூன்று அழுகிப்போயிருந்தன. அந்த மூன்றையும் கவிழ்த்துப் பார்த்தால் அடித்துளையில் வேர் சுற்றி, தக்கை போட்ட மாதிரி அடைத்திருந்தது. எல்லாத் தொட்டிக்கும் ஒரே மழைதான். தண்ணீர் வெளியே போக முடிந்தவை பிழைத்தன, முடியாதவை போயின.

ஏரியைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஏரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கலங்கல் சரியாக இருந்தால் கரை நிற்கும். உபரித் தண்ணீர் போகிற வழியை அடைத்தால் கரை உடையும், இல்லை ஊருக்குள் வரும். செம்பாக்கம், சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் என்று ஏரிகளின் பக்கத்தில் குடியிருக்கிற நாம் ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் பார்க்கிற பாடம் இது. ஊருக்குக் கலங்கலைத் திறந்துவைப்பது நம் ஒருவர் கையில் இல்லை. தொட்டிக்குத் திறந்துவைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

வேர் ஏன் அழுகுகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு நடுவில் இருக்கிற சின்னச் சின்ன இடைவெளிகளில் காற்று இருக்கிறது. அங்கெல்லாம் தண்ணீர் நிரம்பி நாள்கணக்கில் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காது. பூஞ்சை பிடிக்கும். வேர் அழுகினால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் மேலே இலை வாடித் தொங்கும். இங்கேதான் பலர் ஏமாந்துபோவது. "ஐயோ வாடுதே" என்று இன்னொரு செம்பு ஊற்றுவார்கள். மழைக்காலத்தில் வாடிய செடியைப் பார்த்தால் முதலில் மண்ணுக்குள் விரலை விடுங்கள். இரண்டு அங்குலம் கீழே ஈரமாக இருந்தால் அது தாகம் இல்லை, மூச்சுத் திணறல்.

சரி, என்ன செய்யலாம்? நாங்கள் செய்வதைச் சொல்கிறேன்.

ஆயுத பூஜை வீட்டுச் சுத்தத்தோடு சேர்த்தே தொட்டி வேலையையும் முடித்துவிடுவோம். ஒவ்வொரு தொட்டியையும் சாய்த்து, அடித்துளையில் ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரை விட்டுக் குத்திப் பார்ப்பது முதல் வேலை. வேர் சுற்றியிருந்தால் அந்த அளவு வெட்டிவிடலாம். பிறகு தொட்டியைத் தரையோடு வைக்காமல் இரண்டு ஓட்டுத் துண்டு அல்லது செங்கல் துண்டின் மேல் வைக்க வேண்டும். அடியில் அரை அங்குலம் இடைவெளி இருந்தால் போதும், தண்ணீர் தானாக ஓடும்.

தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டுகளை எல்லாம் எடுத்துக் கழுவி, பொங்கல் வரைக்கும் பரணில் போட்டுவிடுங்கள். வெயில் காலத்தில் அது நல்லது. மழைக்காலத்தில் அது கலங்கலை அடைத்த மாதிரி. அதோடு டெங்கு கொசு முட்டையிட அதைவிட வசதியான இடம் இல்லை. ஒரு வாரம், பத்து நாள் தண்ணீர் நின்றால் முட்டை கொசுவாகிவிடும். மாநகராட்சி சுகாதாரப் பணியாளர்கள் வந்தால் பூந்தொட்டித் தட்டைக் கேட்டுப் பார்ப்பது இதனால்தான்.

பால்கனியில் தண்ணீர் போகிற ஓட்டையைப் பாருங்கள். உதிர்ந்த இலையும் மண்ணும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஹாலுக்குள்தான் வரும். அதன்மேல் ஒரு பழைய டீ வடிகட்டியைக் கவிழ்த்து வைத்தால் இலை போகாது, தண்ணீர் போகும். பெருக்கும்போது அதையும் தட்டி எடுத்தால் ஆயிற்று.

உயரமாக வளர்ந்த செம்பருத்தி, நந்தியாவட்டை மாதிரியானவற்றை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுவோம். உயரம் குறைந்தால் காற்று பிடிப்பது குறையும். மல்லிகையை நவம்பர் கடைசியில் கவாத்து செய்ய வேண்டும் என்பது பூ விவசாயிகள் கடைப்பிடிக்கும் கணக்கு. முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் பங்குனியில் புதுக்கிளையில் பூ வரும். உரம் எதுவும் இந்த மூன்று மாதம் வேண்டாம். போட்டாலும் மழையில் கரைந்து கீழ்வீட்டுக்காரர் பால்கனிக்குத்தான் போகும்.

கற்றாழை, அடினியம், பத்துமணிப் பூ, கற்பூரவல்லி ஆகிய நான்கும் தண்டிலோ இலையிலோ தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்பவை. அவற்றுக்கு மழை சுத்தமாக ஆகாது. சாரல் படாத உள்பக்கச் சுவரோரம் தள்ளிவிடுங்கள். வாரம் ஒரு முறை கையளவு தண்ணீர் போதும், மழை நாட்களில் அதுவும் வேண்டாம்.

சிலர் பிளாஸ்டிக் தாளைப் போட்டுச் செடிகளை மூடிக் கட்டுகிறார்கள். காற்று அடித்தால் அது பாய்மரம் மாதிரி உப்பித் தொட்டியோடு இழுத்துக்கொண்டு போகும். இதையும் எதிர்வீட்டில் பார்த்தாயிற்று.

காற்றைப் பற்றிச் சொல்லும்போது 2016 டிசம்பர் 12 ஞாபகம் வராமல் இருக்காது. வர்தா. வண்டலூர் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கில் மரம் சாய்ந்தது. நான் தொலைபேசித் துறையில் 34 வருடம் வேலை பார்த்தவன். கம்பமும் கேபிளும் காற்றுக்கு என்ன ஆகும் என்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். புயல் கடக்கும்போது காற்றின் திசை மாறும். காலையில் பத்திரமாக இருந்த மூலை சாயங்காலம் காற்றுக்கு நேராக வந்துவிடும். அதனால் "இந்தப் பக்கம் காற்று வராது" என்று நம்பி எந்தத் தொட்டியையும் கைப்பிடிச் சுவர் மேல் வைக்கக் கூடாது. மழையில் ஊறிய மண்ணோடு ஒரு அடித் தொட்டி 25 கிலோவைத் தாண்டும். மூன்றாவது மாடியிலிருந்து அது கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று எழுதிக்காட்ட வேண்டியதில்லை. கீழே செக்யூரிட்டி நிற்பார், பால்காரர் வருவார், குழந்தைகள் விளையாடும். சுவர்மேல் இருப்பது, கொக்கியில் தொங்குவது, ஸ்டாண்டில் அடுக்கியது மூன்றும் அக்டோபர் 15க்குள் தரைக்கு வந்துவிட வேண்டும்.

ஏன் தேதி போட்டுச் சொல்கிறேன் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

2015 வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூர் வீட்டைக் கொடுத்துவிட்டு, சேலையூர் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்துவிட்டோம். எங்கள் பிளாக்கில் ஒரு பெரியவர், அப்போது 78 வயது. எங்களையெல்லாம்விட நன்றாகச் செடி வளர்ப்பவர். யார் வீட்டில் பூச்சி விழுந்தாலும் அவரிடம்தான் போவோம். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. முதல் நாள் இரவிலிருந்து விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. விடியற்காலையில் காற்று வேகமாக அடிக்கவும், ஸ்டாண்டில் இருந்த துளசித் தொட்டியை உள்ளே எடுத்துவிடலாம் என்று இருட்டில் பால்கனிக்குப் போயிருக்கிறார். டைல்ஸ் ஈரம். வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

தெருவில் முழங்கால் தண்ணீர். ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியவில்லை. லிஃப்ட் ஓடவில்லை. பிளாக்கில் இருந்த நாலு பையன்கள் அவரை நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கி, தண்ணீரில் நடந்து மெயின் ரோடு வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. ஆபரேஷன் நடந்தது. இப்போது வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறார்.

அந்தத் துளசிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொட்டி விழவில்லை. ஒருவேளை விழுந்து உடைந்திருந்தாலும், ஒரு கதிரை உதிர்த்துத் தூவினால் பத்து நாளில் பத்துத் துளசி முளைக்கும். நம் இடுப்பெலும்பு அப்படி முளைக்காது.

அந்த வாரம் எங்கள் வீட்டில் செடிகளைப் பற்றி ஒரு பெரிய பேச்சு நடந்தது. எனக்கு 71, அவளுக்கு 67. பால்கனியில் 31 தொட்டி. "எல்லாத்தையும் கொடுத்துடலாம்" என்றேன். "ஏங்க, அப்புறம் காலையில எழுந்து நான் எதைப் பார்க்கிறது, உங்க மூஞ்சியவா?" என்றாள். பதில் சொல்ல முடியாத கேள்வி. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "என் கையால தூக்க முடிஞ்சது மட்டும் இருக்கட்டும்." அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

ஒவ்வொரு தொட்டியையும் அவள் தூக்கிப் பார்த்தாள். தூக்க முடியாதவை ஒரு வரிசை. முடிந்தவை ஒரு வரிசை. பெரிய சிமெண்ட் தொட்டிகளில் இருந்த எலுமிச்சையும் பவளமல்லியும் கீழே குடியிருப்புத் தோட்டத்துத் தரைக்குப் போய்விட்டன. அங்கே இப்போது இங்கே இருந்ததைவிட நன்றாக இருக்கின்றன, பூமி கிடைத்துவிட்டதே. எட்டங்குலப் பிளாஸ்டிக் தொட்டிக்கு மாறினோம். மண்ணோடு பாதிக்குப் பாதி தென்னை நார்க்கழிவு கலந்ததில் கனம் வெகுவாகக் குறைந்தது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் மழைக்காலத்தில் தண்ணீர் விஷயத்தில் இன்னும் கஞ்சத்தனம் வேண்டும். கருவேப்பிலை மட்டும் பெரியது. அதைச் சக்கரம் வைத்த பலகைமேல் ஏற்றி மூலையில் நிறுத்தியிருக்கிறோம். தள்ளலாம், தூக்க வேண்டாம். இப்போது மொத்தம் 14.

குறைத்த பிறகுதான் ஒன்று கவனித்தேன். முப்பத்தொன்று இருந்தபோது தண்ணீர் ஊற்றுவது ஒரு வேலையாக இருந்தது. இப்போது ஒவ்வொன்றையும் பார்க்க நேரம் இருக்கிறது. எந்த இலையின் அடியில் மாவுப்பூச்சி ஒட்டியிருக்கிறது, எந்தக் கொழுந்தில் அசுவினி ஏறியிருக்கிறது என்று தெரிகிறது.

மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் அந்தப் பூச்சிகளின் காலம். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீரில் கழுவினாலே பாதி போய்விடும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், அது கரைய நாலு சொட்டுச் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளித்தால் போதும், வாரம் ஒரு தடவை. துளசியின் கதிர்களைக் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் விதை கட்டிச் செடி காய்ந்துபோகும். தண்ணீரைக் காலை எட்டு மணிக்கு மேல் ஊற்றுங்கள். இரவெல்லாம் பனியில் நனைந்த இலை கொஞ்சம் காயட்டும்.

இன்னொன்று. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். வடக்குப் பார்த்த பால்கனிக்கு வெயிலே எட்டிப் பார்க்காது. தெற்குப் பார்த்ததற்கு உள்வரை வரும். வடக்குப் பால்கனிக்காரர்கள் பூச்செடி மொட்டு விடவில்லையே என்று உரம் போடாதீர்கள். தை பிறந்து சூரியன் வடக்கே திரும்பட்டும், கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும். பொங்கல் கழிந்து ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டு, பரணில் இருக்கும் தட்டுகளை இறக்கினால் குளிர்காலம் முடிந்தது என்று அர்த்தம்.

பாருங்கள், நான் சொன்னதில் புதிதாகக் கடையில் வாங்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா? தண்ணீரைக் குறைப்பது, உயரத்தைக் குறைப்பது, கனத்தைக் குறைப்பது, தட்டை எடுப்பது, அடைப்பை எடுப்பது. நம் ஊர்க் குளிர்காலத்துக்குச் செடிக்கு வேண்டியது அவ்வளவுதான். நம் வயதுக்கும் அதுதான் ஒத்துவரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வானிலை மையம் மிகக் கனமழை என்று சொன்னால் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை என்று பொருள். அதற்கு மேல் போனால் அதி கனமழை. அந்த வார்த்தைகளை டிவியில் கேட்டதும் வெளிச்சம் இருக்கும்போதே பால்கனியை ஒரு முறை பார்த்துவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுங்கள். பிறகு எது உருண்டாலும், எது உடைகிற சத்தம் கேட்டாலும், விடிந்து மழை விடுகிறவரை திறக்க வேண்டாம்.

போன ஆடியில் என் மனைவி ஒரு கற்பூரவல்லிக் கிளையை ஒடித்துத் தயிர் டப்பாவில் நட்டு, அந்தப் பெரியவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஜன்னல் ஓரமாக, அவர் உட்காருகிற நாற்காலிக்குக் கை எட்டுகிற தூரத்தில் வைத்திருக்கிறார்கள். டப்பாவைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, ஓட்டை ஒண்ணுதான் போட்டிருக்கியா? இன்னும் ரெண்டு போடும்மா."